வால் எலும்பிலும் கீழ் முதுகிலும் வலி வர என்ன காரணம்?

உட்கார்ந்து எழும்போது முதுகின் அடியில் சுரீரென்று வலிக்கிறது, ஜவ்வு விலகியிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பயத்தில் இரண்டு மாதம் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசி வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். நடக்க முடிந்ததால் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுகிற கணத்தில் உயிர் போய்விடும். நடந்தால் வலியே இராது. இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரிடமும் ‘இடுப்பு வலி’ என்றே சொன்னேன். இடுப்புக்கான தைலமும் பட்டையும்தான் கிடைத்தன.

பிறகு பார்த்த எலும்பு மருத்துவர், “ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்” என்றார். பிட்டங்கள் பிரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில் வைத்தேன். வால் எலும்பு என்று உடனே சொல்லிவிட்டார். மூன்று முதல் ஐந்து சிறு எலும்புகள் சேர்ந்த நுனி அது. பின்னால் சரிந்து உட்கார்ந்தால் உடலின் பாரம் அதில் இறங்கும். விழுவது, பிரசவம், கடினமான இருக்கையில் நெடுநேரம் இருப்பது, திடீரென மெலிவது எல்லாமே இந்த வலியைத் தரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். அப்படியிருந்தும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

விரல் போதாமல் உள்ளங்கையையே வைத்துக் காட்டும்படி இடுப்பில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. பிட்டம் வழியே காலுக்கு இறங்கி மரத்துப்போனால், நீங்கள் பயப்படும் ஜவ்வுப் பிதுக்கமாக இருக்கலாம். இளம் வயதில், காலையில் விறைத்து, நடமாடினால் குறையும் வலி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

வால் எலும்பு இருக்கும் இடத்தில் வீக்கமோ சீழோ இருந்தால் கோளாறு பெரும்பாலும் எலும்பில் இல்லை. முடி தோலுக்குள் புதைந்து உண்டாகும் கட்டியாக இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் குலுங்கும் வண்டிகளில் போன அமெரிக்க வீரர்களுக்கு இது ஏராளமாக வந்ததால் ‘ஜீப் நோய்’ என்றே அழைத்தார்கள். இதற்கு அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனாலும், சிறுநீர் வராமல் அடைத்தாலும், தொடை இடுக்கு மரத்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் வருவது நம் நாட்டில் அரிதல்ல.

எனக்கு உதவியது, பின்பக்கம் நடுவில் வெட்டு விட்ட ஸ்பாஞ்சுத் திண்டு. வால் எலும்பு அந்த வெட்டுக்கு நேராக, எதிலும் படாமல் நிற்கும். எழும்போது முதலில் முன்னால் குனிந்து, பிறகு எழுந்தேன். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டேன். பொங்கலுக்குத் தரையில் உட்கார்ந்து கரும்பு தின்றேன்.