மனம் விட்டுக் கேளுங்கள்: பிரிந்த வயசு சின்னது, தவிப்பு பெரியது

கேள்வி: எனக்கு 36 வயது. ஒன்றரை வயதில் என்னை ஆயா (பாட்டி) வீட்டில் விட்டுவிட்டு ஆத்தாவும் அப்பச்சியும் (அம்மாவும் அப்பாவும்) பினாங்கு போய்விட்டார்கள், அங்கே கடை. ஆறு வயதில் வந்து கூட்டிப் போனார்கள். படிக்க வைத்தார்கள், கட்டிக் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணவர் போனை எடுக்கவில்லை என்றால் எனக்குக் கை நடுங்குகிறது, எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகோ முகம் கொடுத்துப் பேச மாட்டேன், சமாதானமாகப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறேன். இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என் குணம் அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயம். நினைவே இல்லாத வயதில் நடந்தது இன்னுமா ஆட்டிவைக்கும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆட்டிவைக்கும். பேச்சு சரியாக வருவதற்கு முன்னால் நடந்ததைப் பிள்ளை கதையாக நினைவில் வைக்காது, உடம்பு வைத்துக்கொள்ளும். 'அவர் கடைவீதியில் இருப்பார், சத்தத்தில் கேட்டிருக்காது' என்று புத்திக்குத் தெரிந்தும் கை நடுங்குவது அதனால்தான். உங்களுக்குக் குணக்கேடு ஒன்றும் இல்லை.

1940-களின் கடைசியில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லண்டனில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சின்னக் குழந்தைகளைக் கூடவே இருந்து கவனித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரை அடிக்கடி உள்ளே விடமாட்டார்கள். குழந்தை முதலில் கத்தி அழும், அப்புறம் சோர்ந்து சுருண்டுவிடும், அதற்கும் பிறகு 'நல்ல பிள்ளை' ஆகிவிடும், சாப்பிடும், நர்சைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். திரும்பத் திரும்ப ஏமாந்த பிள்ளை இனி யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று ஒதுங்கிவிட்டது என்றார் ராபர்ட்சன். அவரோடு வேலை பார்த்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வளர்த்தெடுத்த பிணைப்புக் கோட்பாட்டுக்கு (குழந்தை தன்னை வளர்ப்பவரிடம் வைக்கும் ஒட்டுதலைப் பற்றியது) இந்தக் கவனிப்பும் ஒரு அடிப்படை. கணவர் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் எழுந்து போகிறீர்களே, அதுவும் இதே முகம் திருப்பல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பிரிவும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆறு வயதில் பெற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டிருக்கும். ஆனால் நாலரை வருஷம் தலை பின்னி, சோறு ஊட்டி, பக்கத்தில் படுக்க வைத்தவர் ஆயா. அவரை விட்டுப் போனதற்கு உங்களை யாராவது அழ விட்டார்களா? நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க (கடல் தாண்டித் தொழில் நடத்த) போன காலம் தொட்டு வீட்டுக்கு வீடு பிரிவு இருந்திருக்கிறது. கப்பலில் வந்த தேக்கைப் பற்றிப் பேசிய அளவுக்கு, முகப்பில் நின்று வழி பார்த்த பிள்ளைகளைப் பற்றி நாம் பேசவில்லை. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

ஆத்தாவோடு சண்டைக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. பிழைப்புக்காகப் போனார்கள், நீங்கள் தவித்துப் போனீர்கள், இரண்டும் நடந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், 'குறை சொல்ல ஒன்றுமில்லை' என்று மூடிவிடாமல். 1980-களில் மேரி மெயின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பெற்றோர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். எப்படிப்பட்ட குழந்தைப் பருவம் வாய்த்தது என்பதை விட, அதைப் பூசி மெழுகாமலும் கோபத்தில் தொலைந்து போகாமலும் கோர்வையாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் அவர்கள் பிள்ளைகளின் பிணைப்போடு அதிகம் ஒத்துப்போனது. சிரமமான குழந்தைப் பருவம் வாய்த்தும் பிற்பாடு மனதில் உறுதி பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள். இது பலருக்கும் ஒரு நல்ல துணையோடு, தோழியோடு, ஆலோசகரோடு பழகிப் பழகித்தான் வருகிறது.

ஆகவே ஒரே ஆலோசகரிடம் வாராவாரம், குறித்த நேரத்தில், மாதக் கணக்கில் போவது நல்லது. அவர் விடுப்பில் போகும் வாரம் உங்களுக்குக் கோபமோ பயமோ வரும், அதையும் அவரிடமே சொல்லுங்கள், பாதி வேலை அங்கேதான் நடக்கும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. உடனே பேச வேண்டுமென்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஒரே நாள் முகாமில் பழைய காயத்தை எடுத்துவிடுகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய ஒன்று. போன் எடுக்காத அந்த நிமிஷத்தில், வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, உள்ளங்கால் இரண்டையும் ஆத்தங்குடிக் கல் தரையில் அழுத்தி வையுங்கள். தரையின் குளிர்ச்சி ஏறுவதைக் கவனித்தபடி, இழுத்த மூச்சைக் காட்டிலும் விடும் மூச்சை நீளமாக விடுங்கள். நடுக்கம் குறைந்த பிறகு போனைத் தொடுங்கள். கணவரிடம் அமைதியாக இருக்கும் நேரத்தில், 'எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று ஒரு வரி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எட்டு என்றால் எட்டுக்கே கூப்பிட வேண்டும், அதை அவருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி: 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர், அம்மா சற்று நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் உட்கார்ந்தால் கைக்குழந்தை எப்படித் தவிக்கிறது என்று காட்டினார். சாதாரண நாளில்கூட தாயும் பிள்ளையும் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை என்று கண்டவரும் அவரேதான். அம்மா மறுபடி திரும்பி வந்து சரிசெய்கிறாளா என்பதுதான் கணக்கு. நீங்கள் எரிந்து விழுந்த நாளில், 'அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா' என்று கேட்டு மடியில் எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு மூன்றரை வயதுப் பெண் குழந்தையை முறைப்படி தத்தெடுத்தோம். பிறந்ததிலிருந்து இல்லத்தில் இருந்தவள். கீழே விழுந்தாலும் எங்களிடம் வந்து அழுவதில்லை, வீட்டுக்கு வரும் யார் கையிலும் தாவிவிடுகிறாள். தலையணை உறைக்குள் வெள்ளைப் பணியாரத்தை ஒளித்து வைத்து எறும்பு மொய்த்துவிட்டது. கட்டாயமாக இறுக்கிப் பிடித்து வைத்தால் ஒட்டிக்கொள்வாள் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: செய்யவே கூடாது. அப்படி ஒரு 'சிகிச்சை'யில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூச்சுத் திணறி இறந்தே போனாள்.

பணியாரத்துக்காகத் திட்டாதீர்கள். அவள் திருடவில்லை, நாளைக்குக் கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடி போட்ட சின்னச் சம்படம் ஒன்றை அவள் எட்டும் இடத்தில் வைத்து, 'இது உன்னுது, காலியானா அம்மா ரொப்புவேன்' என்று சொல்லுங்கள், தவறாமல் ரொப்புங்கள். ஒளிப்பது தானாகக் குறையும், சில மாதம் ஆகலாம்.

எல்லாரிடமும் தாவுவதைக் 'கூச்சமே இல்லாத பிள்ளை' என்று உறவுக்காரர்கள் பாராட்டுவார்கள். யார் தன்னவர் என்று இன்னும் பிடிபடாததால் வருவது அது. இன்னும் கொஞ்ச மாதத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது நீங்கள் இரண்டு பேர் மட்டும். விசேஷ வீட்டில் மடிக்கு மடி மாற்ற வேண்டாம், பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. விழுந்தால் அழாவிட்டாலும் ஓடிப்போய்த் தூக்கிக் கேளுங்கள். வெளியே கிளம்பும்போது கண்ணை மறைத்து நழுவாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் சரி. விளையாட்டுக்குக்கூட யாரும் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்', 'விட்டுட்டுப் போயிருவேன்' என்று சொல்லக் கூடாது, வீட்டில் எல்லாரிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

ருமேனியாவில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000-இல் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்குப் பிணைப்பு நன்றாகவே தேறியது. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் கூடுதலாகத் தேறினார்கள் என்பதும் உண்மை. உங்களுக்குப் பொறுமை அதிகம் வேண்டியிருக்கும். முன்னேற்றமே தெரியவில்லை என்றால் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மகளுக்குச் சென்னையில் வேலை. ஒரு வயதிலிருந்து பேத்தியை நான்தான் வளர்க்கிறேன், அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்துக்காகக் கூட்டிப் போகிறார்கள். ஆயா வளர்ப்பதால் மனக்காயம் வருமா?
– ஒரு ஆயா, கோட்டையூர்

பதில்: நீங்கள் வளர்ப்பதால் வராது ஆச்சி. குழந்தையால் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் பிணைப்பு வைக்க முடியும். திடீரென்று கைமாறுவதுதான் கஷ்டம். மகளை மே மாதத்தில் லீவு போட்டு வந்து கோட்டையூரில் உங்களோடு இருந்து, குளிப்பாட்டுவதையும் தூங்க வைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூனில் நீங்களும் கூடப் போய் ஒரு மாதமாவது சென்னையில் இருங்கள். திரும்பி வந்த பிறகு தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் கூப்பிடுங்கள். 'உங்களைப் பார்த்தால் அழுகிறாள், கூப்பிடாதீர்கள்' என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.