இலை ஓரத்து வெள்ளைக் கோடு

கேள்வி: ஆரியங்காவு கணவாய் வழியாக பஸ் ஓட்டும் கேம் ஒன்று செய்கிறேன். ரப்பர் இலைப் படத்தில் பின்னணியை நீக்கி பிஎன்ஜி ஆகச் சேமித்தேன். எடிட்டரில் சுத்தமாக இருக்கிறது, கேமில் இலையைச் சுற்றி வெள்ளைக் கோடு. புனலூரில் ஒருவரிடம் பணம் கொடுத்து, கேம்கள் பயன்படுத்தும் டிடிஎஸ் என்ற படக் கோப்பாக மாற்றி வாங்கினால், ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி வருகிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்களுக்கு இருப்பது ரெண்டு தனித்தனிப் பிரச்சினை.

முதலில் வெள்ளைக் கோடு. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிற எண்கள், நாலாவதாக ஆல்பா. அது 0 என்றால் புள்ளி தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும். பின்னணியை நீக்கியபோது ஆல்பாதான் 0 ஆனது, அதற்கு அடியில் எடிட்டர் வெள்ளை நிறத்தை வைத்துவிட்டது, கேம் இலையைத் தூரத்தில் சிறிதாக்கிக் காட்டும்போது அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலப்பதால் அந்த வெள்ளை பச்சையோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. ஓரத்தை எத்தனை தடவை அழித்தாலும் போகாது. இலைக்கு அடியில் ஒரு லேயர் போட்டு முழுக்க இலைப் பச்சையை நிரப்புங்கள், இலையின் வடிவத்தை ஆல்பா சேனலில், அதாவது அந்த நாலாவது எண்கள் மட்டும் இருக்கும் அடுக்கில் வைத்து, டிஜிஏ என்ற படக் கோப்பாக 32 பிட்டில் சேமியுங்கள். 24 பிட் கொடுத்தால் மூன்று நிறத்துக்குத்தான் இடம், ஆல்பா போய்விடும். எச்சரிக்கை ஒன்று காட்டினால் என்ன குறைந்துவிடும் இந்த மென்பொருள்களுக்கு, இத்தனை வருஷமாக இதே கதைதான்.

அப்புறம் ரம்பப் பல். புனலூர்க்காரர் டிஎக்ஸ்டி1 என்ற சுருக்கும் முறையில் டிடிஎஸ் ஆக மாற்றியிருப்பார். அதில் 16 புள்ளிகளுக்கு 8 பைட்தான், ஆல்பாவுக்கு உண்டு அல்லது இல்லை என்ற ரெண்டே நிலை. மென்மையான ஓரத்துக்கு டிஎக்ஸ்டி5 வேண்டும், அதற்கு 16 பைட் ஆகும். எந்த முறை என்று சொல்லத் தெரியாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள், ஜிம்ப் என்ற பட எடிட்டரில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஆல்பாவே இல்லாத ஜேபெக் படத்தின் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னணி இல்லாத இடத்துக்கு எடிட்டர் காட்டும் சாம்பல் வெள்ளைக் கட்டங்களைப் படத்திலேயே வரைந்துவிட்டு 'பின்னணி இல்லாத படம்' என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஜேபெக் ஆகி ஆல்பா போய்விடும், டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பஸ் பாடி விஷயத்தில் மட்டும் இதெல்லாம் தலைகீழ். பல கேம்களில் பாடி படத்தின் ஆல்பா மறைப்பதற்காக இல்லை, எந்த இடம் எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பதற்காக. எடிட்டரில் திறந்தால் பஸ் பாதி மறைந்த மாதிரி தெரியும், கெட்டுப்போன படம் என்று நினைத்து ஆல்பாவை முழுக்க வெள்ளையாக்கிவிடுவார்கள், அதாவது எல்லாம் 255, கேமில் டயர் முதல் கூரை வரை கண்ணாடி மாதிரி மின்னும். நான் பார்த்த பஸ் ஸ்கின்களில், அதாவது பாடிப் படங்களில், பாதி இப்படிக் கெட்டவைதான். அதனால் கை வைப்பதற்கு முன் ஆல்பா சேனலைத் தனியாகத் திறந்து பாருங்கள். வடிவம் வெட்டிய மாதிரி கறுப்பு வெள்ளையாக இருந்தால் மறைப்பு, பல தரத்தில் சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் பளபளப்பு, அதைத் தொடாதீர்கள்.

புனலூரிலிருந்து வந்த கோப்பில் போன ஓரம் திரும்ப வராது. உங்கள் பழைய பிஎன்ஜியிலிருந்தே தொடங்குங்கள்.