போரில் காலை இழந்த சிப்பாய் ஊர் திரும்பினால்?

போரில் காயம்பட்டு வீடு திரும்பும் சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கை அப்புறம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அம்மாவைப் பெற்ற தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்ட். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு, எங்கள் ஊரும் அப்படித்தான். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் அவர் இருந்தது எல்லையை ஒட்டிய ஷகர்கர் முனையில்.

15ஆம் தேதி இரவு பசந்தர் ஆற்றைக் கடக்கக் காலாட்படை முன்னால் போனது. வழியெல்லாம் கண்ணிவெடி. மறுநாள் அங்கே நடந்த டாங்கிச் சண்டையில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் உயிரைவிட்டு, ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றார். தாத்தா அதைப் பார்க்கவில்லை. முதல் நாள் இரவே அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. 17ஆம் தேதி இரவு 8 மணிக்குப் போரே நின்றுவிட்டது.

"வலியே தெரியலடா. ஒரு பூட்ஸைக் காணோமே, ஸ்டோர்ல என்ன கணக்குச் சொல்றதுன்னுதான் யோசிச்சேன்" என்று சிரிப்பார். அந்த இடம் வந்தால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுவார்.

புனேயில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இருக்கிறது. அங்கே கால் பொருத்தினார்கள். நல்ல கால்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஷூவுக்குள் நுழைத்து நடப்பதற்கென்று செய்தது. தாத்தா திரும்பி வந்ததோ நெல் வயலுக்கு. சேற்றில் இறங்க முடியாது, குந்த முடியாது, பந்தியில் சம்மணம் போட முடியாது. கல்யாண வீடுகளில் இவருக்கு மட்டும் நாற்காலி போட்டு, ஸ்டூலில் இலை விரிப்பார்கள். அதற்குக் கூச்சப்பட்டே பாதிக் கல்யாணங்களுக்குப் போகமாட்டார். பென்ஷன் வந்தது, கேன்டீன் ரம்மும் வந்தது. உழவு மட்டும் மச்சான் கைக்குப் போனது. அதுதான் அவரை அரித்தது என்று நினைக்கிறேன்.

எண்பதுகளில் ஒரு முகாமில் ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. ரப்பர் பாதம், ஷூ வேண்டாம், வெறுங்காலோடு நடக்கலாம், நனைந்தாலும் கெடாது, குந்தவும் செய்யலாம். நம் ஊர் வாழ்க்கை தெரிந்தவர்கள் செய்த கால். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வராமல் நேரே நாற்றங்காலில் போய் நின்றாராம். பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வலது காலில் ஊற்றினாராம். "இதுக்கும் ஊத்துடி" என்று இடது காலை நீட்டினாராம்.