கரையேறியதும் நீரிறங்கியதும்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

அயோத்தியாப்பட்டணத்தை அடுத்து எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. சென்ற வாரம் வேலியோரம் நட்சத்திர ஆமை ஒன்று வந்தது. தண்ணீரில்லாமல் தவிக்கிறது, கிணற்றில் விட்டுவிடலாம் என்றார் என் மாமனார். கிணற்றில் ஏற்கெனவே ஓர் ஆமை இருக்கிறது. நான் தடுத்து, புதரோரம் விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: கடலாமை முட்டையிட மட்டும் கரைக்கு வருகிறது; கிணற்று ஆமை இரண்டிலும் புழங்குகிறது; இதுவோ முழுக்கத் தரையில் வாழ்கிறது. அப்படியானால் ஆமையினம் கடலிலிருந்து படிப்படியாகக் கரையேறிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

கொள்ள முடியாது. கடலாமை கரைக்கு வருவதை நீங்கள் தொடக்கமாகப் பார்க்கிறீர்கள். அது உண்மையில் பழைய வாழ்க்கையின் மிச்சம். தை முதல் பங்குனி வரை நம் கடற்கரைகளில் ஏறும் பங்குனி ஆமை மணலில் குழி தோண்டிப் புதைக்கும் முட்டைக்குள் இருக்கும் கரு, மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள காற்றை ஓட்டின் வழியே பெற்றே வளர்கிறது; குழியில் நெடுநேரம் தண்ணீர் நின்றால் அது மூச்சடைத்து இறந்துவிடும். இத்தகைய முட்டை தரையில் வாழ்ந்த மூதாதைகளிடமிருந்து வந்தது. கொலம்பியாவில் கிடைத்த, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையான கடலாமைப் புதைபடிவம் 2015இல் விவரிக்கப்பட்டது. அவ்வளவு காலம் கடலில் வாழ்ந்தும் அந்த இனத்தால் முட்டையைக் கடலுக்குள் கொண்டுபோக முடியவில்லை.

ஆமை ஓட்டின் தொடக்கமும் தரையையே காட்டுகிறது என்பது என் எண்ணம், இதில் விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும். இறந்த ஆமையின் வெற்று ஓடு எங்காவது கிடந்தால் குனிந்து உட்புறத்தைப் பாருங்கள்: நடுவில் முதுகெலும்பு ஓடோடு ஒட்டியபடி நீள்வதும், அதன் இருபுறமும் விலா எலும்புகள் தட்டையாகிப் பலகைபோல் இணைந்திருப்பதும் தெரியும். ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூடேதான். தென்னாப்பிரிக்காவில் கிடைத்த, 26 கோடி ஆண்டுப் பழமையான, ஆமையின் தொடக்ககால உறவாகக் கருதப்படும் யூனோட்டோசாரஸ் என்ற ஊர்வனவுக்கு ஓடு இல்லை, ஆனால் விலா எலும்புகள் அகன்றிருந்தன. மண்ணைத் தோண்டும்போது உடல் அசையாமல் நிற்க அந்த அகலம் உதவியிருக்கலாம் என்று 2016இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பாதுகாப்புக் கவசம் என்ற பயன் பின்னால் வந்தது என்பது இதன் பொருள். ஓடு நீரில்தான் தோன்றியது என்போருக்கும் வலுவான சான்று உண்டு. 2008இல் விவரிக்கப்பட்ட, சீனாவின் குய்சோ பகுதியைச் சேர்ந்த ஒடோன்டோகெலிஸ் என்ற ஆதி ஆமை 22 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரில் வாழ்ந்தது. அதற்கு வயிற்றுப்புற ஓடு முழுமையாக இருந்தது, முதுகோடு முழுமையாகவில்லை, வாயில் பற்களும் இருந்தன. ஆனால் ஜெர்மனியில் கிடைத்த, சுமார் 21 கோடி ஆண்டுப் பழமையான, முழு ஓடு கொண்ட புரோகனோகெலிஸ் என்ற ஆமையின் முன்னங்கால் அளவுகளும் ஓட்டெலும்பின் உள்ளமைப்பும் இன்றைய தரை ஆமைகளுடன் ஒத்துப்போகின்றன.

இவ்வளவையும் வைத்து, உங்கள் வேலியோரம் வந்தது அந்தப் பழைய தரைவாசியின் நேர் வாரிசு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நட்சத்திர ஆமை சேர்ந்த தரை ஆமைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவினர்கள், விரலிடைத் தோல் விரிந்து நீந்தும் குளத்து ஆமைகளே. அதன் முன்னோர் நீரில் நெடுங்காலம் வாழ்ந்து, மீண்டும் தரைக்கு வந்தவர்கள். தூண் போன்ற கால்களும் உயர்ந்து வளைந்த ஓடும் அந்த இரண்டாம் வருகைக்குப் பின் அமைந்தவை. ஆகவே தரை, நீர், மறுபடியும் தரை என்றே அதன் வழி வந்திருக்கிறது. கடலாமையும் கிணற்று ஆமையும் அதற்கு முந்தைய படிகள் அல்ல, வேறு கிளைகள்.

நீங்கள் உங்கள் மாமனாரைத் தடுத்தது மிகச் சரி. இந்த ஆமைக்கு நீந்தத் தெரியாது. செங்குத்தான சுவருள்ள கிணற்றில் அது களைத்து மூழ்கியே போகும். சேர்வராயன் அடிவாரத்தின் முட்புதரும் காய்ந்த புல்லும் அதற்கு ஏற்ற இடம், தேவையான நீரில் பெரும்பகுதியைத் தின்னும் இலைகளிலிருந்தே பெற்றுக்கொள்ளும். அடிபட்ட ஆமையைக் கண்டால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.