வாரியல் யார் கையில்?

(வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை நீதிபோதனை எடுக்கிறேன். ‘எல்லோரும் சமம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு எங்கள் தெருவில் மட்டும் வரி வாங்கமாட்டார்களே, ஏன்?” என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று முதல் அந்த வகுப்புக்குப் போகவே கூசுகிறது. என்ன செய்யட்டும்?
– ஓர் ஆசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: வரி வாங்காமல் விடுவது சலுகை அல்ல, கோயில் திருவிழாவில் உங்களுக்குப் பங்கில்லை என்று ஒதுக்குவது. அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். முதலில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நீ கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லாமல் விட்டது என் தவறு” என்று சொல்லிவிடுங்கள். வகுப்பின் முன்னால் வேண்டாம். அவள் மறுபடியும் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. பிறகு வகுப்பில், எந்த ஊர் என்று சொல்லாமல், பிறப்பை வைத்து மனிதரை ஒதுக்குவது இன்றும் நடக்கிறது, அது குற்றம், அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று பாடநூலில் அச்சடித்திருக்கும் பக்கத்தைப் பிள்ளைகள் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு நாள் அந்தப் பக்கத்தில் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் நாம் வாயால் சொல்வதை நம் வகுப்பறை மறுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வகுப்பறையைத்தான் நம்புவார்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பைப் பெருக்க ஒரு பையனைக் கூப்பிடுவேன். ஆசிரியர் அறைப் பானைக்குத் தண்ணீர் எடுத்துவர வேறொரு பையனைக் கூப்பிடுவேன். யோசித்துக் கூப்பிட்டதில்லை, வாயில் வந்த பெயர்கள். ஒரு நாள் முதல் பையனின் அம்மா, பீடித் தட்டை இடுப்பில் இடுக்கியபடி வந்து வாசலிலேயே நின்றார். “டீச்சர், ஆறு மாதமாக வாரியலை என் பிள்ளை கையில்தான் கொடுக்கிறீர்கள். குடத்தை ஒரு நாளும் கொடுக்கவில்லையே” என்றார். விளக்குமாற்றை எங்கள் பக்கம் வாரியல் என்போம். அவர் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. யார் எடுத்த தண்ணீரைக் குடிப்பது என்று நான் அறியாமலே என் நாக்கு முடிவு செய்து வைத்திருந்தது.

மறுநாளே வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்தேன். இன்று வாரியல் எடுத்தவர் நாளை குடம் எடுப்பார். ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மூன்றாம் நாள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் வந்து, தன் மகன் வாரியலைத் தொடுவதா என்று சத்தம் போட்டார். “நாளை என் முறை, நான் பெருக்குகிறேன், வந்து பாருங்கள் ஐயா” என்றேன். அவர் வரவில்லை. பையன் வந்தான்.

பள்ளிக்குள்ளேயே பிள்ளைகளைப் பிறப்பால் பிரிப்பது நம் திருநெல்வேலிச் சீமையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. சேரன்மாதேவியில் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசபக்தியும் ஒழுக்கமும் கற்பிக்க எழுந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தது தமிழ்நாட்டு அரசியலையே திருப்பியது. ஐயர் பெரிய தியாகி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்டவர் நடத்திய பள்ளியிலும் பந்தி பிரிந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சாதி வெறியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னதுதான் அதிகம் பேசப்பட்டது. நான் பெரிதாக நினைப்பது மற்றவற்றை: பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, உதவித்தொகை விவரத்தைத் தனியே அழைத்துச் சொல்வது. “ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்ற குரல் கேட்டதும், பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே எழுகிற பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் பள்ளியில் அந்தக் குரல் இன்னும் கேட்கிறதா? அதை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன், கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்.டி.இ.) சேர்ந்து உடன் படிக்கும் ஒருவனை ‘ஆர்.டி.இ. பையன்’ என்கிறான். கண்டித்தேன், கேட்கவில்லை.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தானாக வராது அம்மா. பெரியவர்கள் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். பள்ளியில் பேசிப் பாருங்கள், வீட்டிலும் யோசித்துப் பாருங்கள். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்புச் சேர்க்கையில் 25 சதவீத இடம் நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பிள்ளை யார் தயவிலும் அங்கே உட்காரவில்லை. இதை உங்கள் மகனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், திட்ட வேண்டாம். அந்தப் பையனின் பெயர் என்ன என்று இன்றிரவு கேளுங்கள். தெரியாது என்றால், நாளை கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.