வினாக்கொத்தில் புள்ளி குறைந்தால் திட்டம் தோல்வியா? சேவைவழிக் கற்றல்: கேள்வி பதில்

சமூகத்துக்கு ஒரு சேவை செய்து, அதைப் பாடத்தோடு இணைத்துக் கற்பதுதான் சேவைவழிக் கற்றல். 2020 மார்ச் 20 ஊரடங்குக்குப் பிறகு கொழும்பில் நம் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தச் சமூக வேலையையும் ஃபோனுக்குள் கொண்டுபோனார்கள். அப்படி நடந்த சில திட்டங்களை மதிப்பிட்டவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை விரிவுரையாளர்: முன்னும் பின்னும் ஒரே வினாக்கொத்தைக் கொடுத்தோம். 'சமூகப் பிரச்சினைகள் எனக்குப் புரியும்' என்பதற்குப் புள்ளி இறங்கிவிட்டது. அறிக்கையில் எப்படி எழுதுவது?

மறைக்காமல் எழுதுங்கள். என் மாணவி ஒருத்தி தொடக்கத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டாள். கிராண்ட்பாஸில் சாதாரண தரப் (O/L) பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு வட்ஸ்அப்பில் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். நாலு மணி வகுப்புக்குப் பிள்ளை வரவே இல்லை. "அக்கறையில்லாத பிள்ளை, மிஸ்" என்றாள். மூன்றாம் கிழமைதான் விஷயம் வெளியே வந்தது: வீட்டில் ஒரே ஃபோன், அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத்தான் திரும்பும். வகுப்பு ஒன்பது மணிக்கு மாறியது. கடைசியில் அவள் தனக்கு மூன்றுதான் போட்டாள். அவள் படித்ததே அந்த இரண்டு புள்ளிதான். அளவுகோல் அவளுக்குள்ளேயே மாறிவிட்டது.

அதனால் முடிவில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: இப்போது எவ்வளவு புரிகிறது, தொடக்கத்தில் உண்மையில் எவ்வளவு புரிந்திருந்தது? இதிலும் ஒரு பொறி உண்டு. விரிவுரையாளரைக் குளிர்விக்க வளர்ச்சியைக் கூட்டிக் காட்டுவார்கள். திட்டத்தின்போது அவர்கள் எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சூமில் இருந்த மணித்தியாலங்களை அளவாக எடுக்கலாமா?

வேண்டாம். சூம் திறந்திருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

நாட்குறிப்பில் எல்லாரும் 'மனநிறைவாக இருந்தது' என்றே எழுதுகிறார்கள்.

நீங்கள் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். நடந்ததை விவரி, பாடத்தோடு வைத்து ஆராய், கற்றதைச் சொல் என்று மூன்று படியாகக் கேளுங்கள். முதல் படியில் 'எந்த நாள், எது பிழைத்தது' என்று கேட்டால் மனநிறைவு தானாக ஓடிவிடும்.

2019இல் நேரில் செய்த அணியோடு ஒப்பிடலாமா?

ஒப்பிட்டால் பெருந்தொற்றையும் சேர்த்து அளப்பீர்கள். அதே ஆண்டு, அதே பாடம், திட்டத்தில் சேராதவர்கள் இருந்தால் பரவாயில்லை. அப்போதும் விரும்பிச் சேர்ந்தவர்கள் முதலிலேயே வேறுமாதிரி. ஒப்பிட ஆளில்லையா, 'திட்டத்தால்' என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாதிரி அளவு எவ்வளவு வேண்டும்?

புள்ளிவிபரவியல் துறையைக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: சிரமதானத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை. இதற்கு மட்டும் ஏன்?

மார்க் சேவைக்கு இல்லை தம்பி, அதிலிருந்து கற்றதற்கு. நூறு நிவாரணப் பொதி கொடுத்தவரும் பத்துப் பொதி கொடுத்தவரும் அந்தக் கணக்கில் சமம்.

அதே தம்பி: அப்போ அந்தப் பிள்ளைகள் உங்கள் ஆய்வுகூடமா?

சுருக்கென்றுதான் இருக்கிறது, ஆனால் நியாயமான கேள்வி. நான் பார்த்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் பிள்ளையின் வீட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவர் வளர்ந்தார் என்பதோடு முடிந்துவிடும்.

இன்னொருவர்: டேட்டாவை இலவசமாகத்தானே கொடுத்தார்கள்? வீட்டுக்கு என்ன நட்டம்?

அப்போது இலவசம் பல்கலைக்கழக இணையத்தளங்களுக்கும் அவற்றின் சூம் வகுப்புகளுக்கும். பிள்ளை வீட்டு வட்ஸ்அப்புக்கு அந்தக் குடும்பம்தான் ரீலோட் போட்டது. சேவை வாங்கியவர் காசு கட்டியிருக்கிறார்! அதை அறிக்கையில் எழுதுங்கள்.

மிஸ், மணித்தியாலங்களை...

மேலே சொல்லிவிட்டேன்.

தம்பி: சரி, வீட்டில் என்ன கேட்பது?

கூகிள் படிவம் அனுப்பாதீர்கள். அம்மாவுக்கு அழைப்பு எடுங்கள். கற்பித்த மாணவர் எடுக்கக்கூடாது, முகத்துக்காக நல்லதே சொல்வார்கள். எவ்வளவு செலவானது, வீட்டில் யாருக்குத் தொந்தரவு, திரும்ப வந்தால் சேர்ப்பீர்களா என்று கேட்டால் போதும். எட்டு மணிக்குப் பிறகு எடுங்கள், ஃபோன் வீட்டில் இருக்கும்.