சேஃப்டி பின் போலத் தெரிந்தால் பிளேக் தானா?

கேள்வி: தொண்டியில் சின்ன லேப் ஒன்றில் டெக்னீசியனாக இருக்கிறேன். வயல்வேலை செய்யும் சர்க்கரை நோயாளி ஒருவரின் தொடைக் கட்டியிலிருந்து எடுத்த சீழுக்கு, கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டேன். சிவப்புக் குச்சிகள், இரண்டு முனையும் அடர்த்தி, நடுவில் வெளுப்பு, அச்சு அசல் சேஃப்டி பின். கூட இருப்பவர் ‘பிளேக்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: மீதிச் சீழைக் கொட்டிவிடாமல் இறுக்கி மூடி வையுங்கள். அது இன்னும் தேவைப்படும்.

பிளேக் பயம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப்பில் நிறுத்திவைத்துச் சோதித்த காலம் உண்டு. ஆனால் சேஃப்டி பின் வடிவம் பிளேக் கிருமிக்கு மட்டும் சொந்தமில்லை. நாய், பூனைக் கடியில் வரும் பாஸ்சுரெல்லா என்ற கிருமியும் அப்படித்தான் தெரியும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோய். அதன் கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும். திருவாடானைப் பக்கம் மழைக்கால வயலில் வெறுங்காலோடு இறங்கும் சர்க்கரை நோயாளியைச் சுலபமாகப் பிடிக்கும். பிளேக் என்றால் திடீர்க் கடுங்காய்ச்சல், தொடை இடுக்கில் வலியோடு நெறி கட்டுவது, அக்கம்பக்கத்தில் எலி செத்து விழுவது என்று வேறு அடையாளங்கள் இருக்கும். டாக்டரிடம் இதையெல்லாம் கேளுங்கள்.

கிராம் ஸ்டெயினில் முனைகள் சில சமயம் தெளிவாகத் தெரியாது. இன்னொரு ஸ்லைடை மெல்லியதாகத் தேய்த்து, தீயில் காட்டாமல் மெத்தனாலில் ஃபிக்ஸ் செய்து, வேசன் அல்லது ஜீம்சா சாயம் போட்டுப் பாருங்கள். வேசனில் நடுப்பகுதி வெளிர்நீலமாகவும் முனைகள் கருநீலமாகவும் நிற்கும். ஜீம்சாவுக்கு நம்ம ஊர் போர் தண்ணீர் ஆகவே ஆகாது. உப்பும் பிஎச்சும் சேர்ந்து நிறத்தையே கெடுத்துவிடும். 7.2 பிஎச் பஃபர்தான் சரி.

எந்தச் சாயமும் கிருமியின் பெயரைச் சொல்லாது. அதற்குக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, வேண்டும். பிளேக் கிருமி 28 டிகிரியில் நன்றாக வளரும், ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனையில் நெகட்டிவ். மெலியாய்டோசிஸ் கிருமி ஆக்சிடேஸ் பாசிட்டிவ். பெரும்பாலும் ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அசையாது. ‘ஏதோ சூடோமோனாஸ் கிருமி, வெளியிலிருந்து கலந்தது’ என்று இதைத் தூக்கிப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. ஆனால் கல்ச்சரை உங்கள் மேசையில் போடாதீர்கள். இரண்டுமே மூச்சு வழியாகத் தொற்றக்கூடியவை. கிருமி காற்றில் பரவாமல் தடுக்கும் பயோசேஃப்டி கேபினட் உள்ள மெடிக்கல் காலேஜ் லேபுக்கு முன்கூட்டியே போன் செய்து, சந்தேகத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

ரிப்போர்ட்டில் ‘பிளேக்’ என்று எழுத வேண்டாம். ‘கிராம் நெகட்டிவ் குச்சிகள், இருமுனைச் சாயம், மெலியாய்டோசிஸ், பிளேக் இரண்டையும் பார்க்கவும்’ என்று எழுதுங்கள். அப்புறம், பேப்பர் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் டாக்டரை உடனே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.